நாற்பத்தொன்றாவது கல்லீரல்

டாக்டர் யதுகிரி மூன்றாவது காபியையும் குடிக்காமல் ஆறவிட்டார்.

திருப்பதியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கேன்டீனில் காலை எட்டரைக்கு மேஜை கிடைப்பதே பெரிய விஷயம். அந்த அம்மாள் ஏழு மணிக்கே வந்து மூலை மேஜையைப் பிடித்து வைத்திருந்தார். எதிரில் துப்பறிவாளர் தாட்சாயணி. பக்கத்தில் அவளுடைய உதவியாளர் கோவர்த்தனன், இரண்டாவது வடையில் இருந்தார்.

தாட்சாயணிக்கு நாற்பத்திரண்டு வயது. நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாக ஓர் அறை எடுத்து போர்டு மாட்டியிருக்கிறாள். கோவர்த்தனன் முன்னாள் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர்களின் அறை வாசலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருபது வருஷம் போனதால், மிச்சமிருக்கும் காலத்தைப் பேசியே கழிப்பது என்று முடிவெடுத்தவர்.

“என்ன திருட்டு போச்சு டாக்டர்?” என்றாள் தாட்சாயணி.

“திருட்டு இல்லை. ஒருத்தரோட கல்லீரல் இன்னொருத்தர் பேர்ல இருக்கு.”

கோவர்த்தனன் வடையைக் கீழே வைத்தார். “மேடம், இதுவரைக்கும் நாம நெலத்தைத்தான் இப்படிப் பாத்திருக்கோம்.”

யதுகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்கேன் படம். மனித உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல.

“கல்லீரல் புற்றுநோயில சில கட்டிக்குள்ள சி.கே.19-னு ஒரு புரதம் இருக்கும். அது இருந்தா பொல்லாத கட்டி. வெட்டி எடுத்தாலும் சீக்கிரம் திரும்பி வரும். அது இருக்கா இல்லையான்னு தெரியணும்னா ஊசி குத்திச் சதை எடுக்கணும், இல்லேன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டியைப் பாக்கணும். நாங்க ஒரு புரோகிராம் பண்ணியிருக்கோம். அது ஸ்கேன் படத்தை மட்டும் பாத்துட்டே சொல்லும். நம்ம கண்ணுக்கு இது ஒரே சாம்பல். அதுக்கு இந்தச் சாம்பல்ல ஆயிரம் வித்தியாசம் தெரியும்.”

“என் மூஞ்சியில என் மாமியாருக்குத் தெரியற மாதிரி,” என்றார் கோவர்த்தனன்.

“மூணு வருஷ வேலை. மொத்தம் அறுபது பேர். நாற்பத்தொண்ணாவது ஆள் நாகேந்திரன். பங்காருபாளையத்துல மாங்கா வியாபாரம். அவர் கட்டியில சி.கே.19 இருக்குன்னு புரோகிராம் அடிச்சுச் சொல்லித்து. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. பன்னெண்டு நாள் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. நேத்து சதை ரிப்போர்ட் வந்தது. அதுல அது இல்லவே இல்லை.”

“புரோகிராம் தப்புப் பண்ணாதா?”

“பண்ணும். ஏன் தப்புப் பண்ணித்துன்னு தெரிஞ்சுக்கத்தான் படத்தை மறுபடியும் திறந்தேன்.” யதுகிரி விரலால் தொட்டுக் காட்டினார். கல்லீரலுக்குக் கீழே பேரிக்காய் வடிவத்தில் கறுப்பாக ஒன்று. “இது பித்தப்பை.”

“எல்லாருக்கும் இருக்கறதுதானே?”

“நாகேந்திரனுக்குக் கிடையாது. ஆறு வருஷம் முன்னாடி கல்லுக்காக எடுத்துட்டா. இப்ப ஆபரேஷன் பண்ணின சர்ஜனே குறிப்பெழுதியிருக்கார்.”

பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூவினார்கள்.

“சர்ஜன் இந்தப் படத்தைப் பாத்திருந்தா அப்பவே பிடிச்சிருப்பார்,” என்று யதுகிரி தொடர்ந்தார். “ஆனா அவர் வேலூர்ல எடுத்த பழைய ஃபிலிமை வெச்சே ஆபரேஷனை முடிச்சுட்டார். இந்தப் படம் என் ஆராய்ச்சிக்காக எடுத்தது. அந்த வாரம் எங்க மிஷின் ரிப்பேர். சித்தூர்ல ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினேன். ரெண்டு ரிப்போர்ட்லயும் கல்லீரல்ல வலது பக்கம் கட்டின்னு இருந்ததால யாரும் சந்தேகப்படலை.”

“நிர்வாகத்துல சொன்னீங்களா?”

“சொன்னேன். சித்தூருக்கு ஃபோன் பண்ணி ஒரு சத்தம் போட்டா. அப்புறம் என்கிட்ட, ‘அந்த ஒரு கேஸை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்கோ, அம்பத்தொம்பது போதும்’னுட்டா.” அவர் திரையைச் சுட்டிக்காட்டினார். “படத்தை எடுத்துடலாம். ஆளை எப்படி எடுக்கறது? படம் எடுத்து ஏழு வாரம் ஆச்சு. அப்பவே ரெண்டரை சென்டிமீட்டர். அந்தக் கட்டியோட சொந்தக்காரர் எங்கேயோ சாப்ட்டுண்டு, தூங்கிண்டு, வேலை பாத்துண்டு இருக்கார். தனக்கு ஒண்ணும் இல்லேன்னு நினைச்சுண்டு.”

தாட்சாயணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வியாதியை விடுங்க டாக்டர். இந்த ஆளைப் பத்தி இதுல வேற ஏதாவது தெரியுதா?”

யதுகிரி யோசித்தார். பிறகு படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். “ஆம்பளை. ஐம்பதை ஒட்டி இருக்கலாம். இது இரைப்பை, நிறைய சாப்பாடு இருக்கு. பட்டினியா வரச் சொல்லியிருப்போம், இவர் வரலை. அப்புறம் இந்தக் கோடெல்லாம் கையோட நிழல். இந்த ஸ்கேனுக்கு ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கணும். இவர் வலது கையை மட்டும் கீழேயே வெச்சுண்டிருக்கார்.”

“சாப்பிட்டுட்டு வந்தவர். வலது கை தூக்காதவர். பித்தப்பை உள்ளவர்,” என்றார் கோவர்த்தனன். “ஆந்திராவுல ரெண்டு கோடிப் பேர் தேறுவாங்க.”

“சித்தூர்ல அன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு பாப்போம்,” என்று தாட்சாயணி எழுந்தாள். “அதுக்கு முன்னாடி நாகேந்திரனைப் பாக்கணும்.”

*

நாகேந்திரன் இரண்டாவது மாடி வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. பிச்சாட்டூர்க்காரர். பிழைப்புக்காகப் பங்காருபாளையம் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. ஸ்டூலில் மனைவி லட்சுமம்மா.

ஸ்கேன் விவரங்களைச் சரிபார்க்க டாக்டர் யதுகிரி அனுப்பினார் என்று சொல்லித் தாட்சாயணி அறிமுகம் செய்துகொண்டாள். அதில் பொய் இல்லை.

“சித்தூர் ஸ்கேன்ல இன்னா நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?”

“வெறும் வயித்தோட போனேம்மா,” என்றார் நாகேந்திரன் உடனே. “கையில ஊசி போட்டாங்க. ஒடம்பெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி ஆயிடுச்சு. மூச்சை இழு, நிறுத்துன்னு மிஷினே பேசிக்கினு இருந்துச்சு.”

“கையை எப்படி வெச்சிருந்தீங்க?”

அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். தையல் இழுத்ததும் முகம் சுளித்தது.

“தூக்காதேன்னு சொல்லிக்கினே இருக்காங்க, கேக்கறியா நீ?” என்று லட்சுமம்மா கடிந்துகொண்டாள். ஆனால் தாட்சாயணியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே மூடியிருந்த ஃபிளாஸ்க்கை இன்னொரு தரம் திருகி மூடினாள்.

தாட்சாயணி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். நாகேந்திரன் தமிழில் நிதானமாகப் பெயரை எழுதினார்.

“தெலுங்குல போடறதில்லையா?”

“பாதி நாளு பேசறதே தெலுங்குதான். எழுத வராது. நான் படிச்சப்ப எங்க ஊரு ஸ்கூல்ல தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. அவரு மாத்தலாகிப் போய்ட்டாரு. எனக்குப் பின்னாடி வந்தவங்க அல்லாம் தெலுங்கு மீடியம்தான்.” தாளைத் திருப்பிக் கொடுத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இந்தக் கட்டி திரும்ப வரும்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சாமே. நெசமா?”

“டாக்டர் யதுகிரி சாயங்காலம் உங்ககிட்ட பேசுவாங்க,” என்றாள் தாட்சாயணி. “பயப்படற மாதிரி இல்ல.”

படியிறங்கும்போது கோவர்த்தனன் கேட்டார். “எதுக்கு மேடம் கையெழுத்து? வெள்ளைத் தாள்ல போடச் சொல்லிட்டீங்க. இப்ப நான் நெனச்சா அவர் தோப்பை எழுதி வாங்கிடலாம்.”

“பத்திரமா வையுங்க. எதுக்குன்னு எனக்கே இன்னும் தெரியாது.”

*

சந்திரகிரி தாண்டும்வரை கோவர்த்தனன் தன் கணிப்பைச் சொல்லிக்கொண்டே கார் ஓட்டினார். ஸ்கேன் சென்டரில் ஒரே நாளில் இரண்டு கல்லீரல். பெயரை மாற்றி ஏற்றிவிட்டார்கள். அந்த இன்னொருவரைக் கண்டுபிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திருப்பதி வந்துவிடலாம். தாட்சாயணி இரண்டு தடவை மணியைப் பார்த்தாள். பாகாலா பக்கத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டபோது கதவைத் திறந்து இறங்கி நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள்.

“நீங்க எறங்கி நின்னா லாரி நகராது மேடம்.”

“உக்காந்தாலும் நகரல.”

சித்தூர் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் கிஷோர் அவர்களைக் கண்டதும் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். முதலாளி காலையில்தான் கொடுத்திருந்தார். படத்தை மாற்றியதற்கு ஏன் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது.

“நேனு மார்ச்சலேது மேடம். சத்தியமா நான் மாத்தலை. எட்டு வருஷமா இந்த மிஷின்ல இருக்கேன்.”

“அன்னிக்கு ரிஜிஸ்டர் எங்கே?”

கொண்டுவந்தான். தாட்சாயணி விரல் வைத்துப் படித்தாள். அன்றைக்கு ஒன்பது ஸ்கேன். ஐந்து தலை. இரண்டு சிறுநீரகக் கல், ஊசி போடாமல் எடுத்தவை. ஒரு நெஞ்சு. ஒரு கல்லீரல்.

“ஊசி போட்டுக் கல்லீரலைப் பாத்தது ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒக்கட்டே மேடம்.”

தாட்சாயணி ரிஜிஸ்டரை மூடினாள். “மாத்தறதுக்கு இன்னொண்ணு வேணுமே. இல்லையே.”

கோவர்த்தனன் பெருமூச்சு விட்டார். “என் கணிப்பு சந்திரகிரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.”

“கிஷோர், அந்த ஆளை ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. துன்னுட்டு வந்துட்டாரு. பட்டினியா வரச் சொன்னாங்களேன்னு கேட்டா, ‘நாலு இட்லிதானே, வெளியே லோடு நிக்குது, சட்டுனு எடு’ன்னாரு. வலது கையைத் தூக்கச் சொன்னா முடியலை. மரத்திலேர்ந்து விழுந்ததாம். சரின்னு கீழேயே வெச்சு எடுத்தேன். ஆதார் பாத்தேன் மேடம். மூஞ்சி ஒத்துதான் இருந்துச்சு.”

“ஒப்புதல் கையெழுத்து வாங்கினீங்களா?”

படிவம் கோப்பில் இருந்தது. நாகேந்திரன் என்று கீழே எழுதியிருந்தது, வட்டவட்டமான தெலுங்கு எழுத்தில். எழுதிப் பழகிய கை.

தாட்சாயணி காலையில் வாங்கிய வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தாள். கோவர்த்தனன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருமுறை கிஷோரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நாகேந்திரன் இங்க வரவே இல்லை.”

“வரல. அவர் நம்மகிட்ட சொன்னது பூரா வேலூர்ல நடந்தது. அங்கே ரெண்டு கையையும் தூக்கினாரு, வெறும் வயித்தோட போனாரு. இங்கே வந்தவன் அவரை மாதிரியே மூஞ்சி உள்ளவன். அவருக்குப் பின்னாடி, தெலுங்கு மீடியத்துல படிச்சவன்.”

கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கடிதம் அவன் கையிலேயே இருந்தது.

தாட்சாயணி வெளியே வந்து லட்சுமம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

“லட்சுமம்மா, உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி இருக்காரா?”

அந்தப் பக்கம் வார்டின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடக்கிய குரல். “மேடம், போலீஸ் கீலீஸ்னு போயிடாதீங்க. தப்புதான். வேலூர்ல அந்த ஊசி போட்டப்ப இவருக்குத் தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடுச்சு. செத்துப் பொழைச்சாரு. அதைச் சொன்னா ஆபரேஷனே பண்ண மாட்டாங்கன்னு பயந்துக்கினு யார்கிட்டயும் வாயைத் தொறக்கலை. மறுபடி ஸ்கேன்னு சொன்னதும் ராத்திரி பூரா அழுதாரு. அப்பதான் மோகன்ராஜ், ‘படம்தானே, நான் போய்ப் படுத்துக்கறேன், அதே மூஞ்சிதானே’ன்னு கெளம்பிப் போச்சு.”

“ரிப்போர்ட் வந்தப்ப பாத்தீங்களா?”

“பாத்தோம். கட்டி இருக்குன்னே வந்துச்சு. நல்ல வேளை, ஆள் மாறினது மிஷினுக்குத் தெரியலை, கார்டுல இருக்கற பேரைப் பாத்து அதே மாதிரி எழுதிட்டாங்கன்னு நெனைச்சுக்கினோம்.” அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. “ஏன் மேடம், அதனால இவருக்கு வைத்தியம் ஏதாவது தப்பாயிடுச்சா?”

தாட்சாயணி ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இல்லம்மா. அவர் நல்லா இருக்காரு. மோகன்ராஜ் இப்ப எங்கே?”

“பங்காருபாளையம் மண்டியில.”

ஃபோனை வைத்ததும் கோவர்த்தனன் கார் கதவைத் திறந்து நின்றார்.

*

மாங்காய் மண்டியில் கிளிமூக்குத் தோத்தாபுரி மலைமலையாகக் குவிந்து கிடந்தது. வெயிலில் அந்த வாசனையே தலையைச் சுற்றவைத்தது. மோகன்ராஜ் என்றதும் எடை போடுகிறவர் கையை விரித்தார்.

“இப்பதான் இங்க இருந்தாரு. ஒரு ஃபோன் வந்துச்சு. மொகமே செத்துப்போச்சு. பைக்கை எடுத்துக்கினு போய்ட்டாரு.”

“லட்சுமம்மா பேசிட்டாங்க,” என்றாள் தாட்சாயணி. “எங்கே போயிருப்பாரு?”

“அவரு லோடு நிக்கற எடத்துக்குப் போயிருப்பாரு. மாங்கூழ் ஃபேக்டரிக்குத்தான்.”

மோகன்ராஜின் ஃபோன் அணைந்திருந்தது. கோவர்த்தனன் காரை விரட்டினார். நாலு கிலோமீட்டரில் ஃபேக்டரிக்குத் திரும்பும் சாலை வந்தது. வந்ததும் பிரேக் போட்டார்.

சாலையின் இடது ஓரம் முழுக்க டிராக்டர்கள். ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டியவரை. ஃபேக்டரி வாசல் எங்கோ தூரத்தில் இருந்தது. சிலர் டிரெய்லருக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார்கள். சிலர் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், இத்தனை வருஷமா தப்பி ஓடறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வரிசையில நின்னு தப்பி ஓடறவனை இப்பதான் பாக்கறேன்.”

“யாரு மோகன்ராஜ்னு கேட்டா எவனும் காட்டிக்குடுக்க மாட்டான். நடங்க.”

நடந்தார்கள். வண்டிக்கு வண்டி முகத்தைப் பார்த்தார்கள். எல்லார் தலையிலும் துண்டு, எல்லார் முகத்திலும் மூன்று நாள் தாடி. நாகேந்திரனின் சாயல் நாலு பேரிடம் இருந்தது. கோவர்த்தனன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்து, அறுபதுக்கு மேல் விட்டுவிட்டார்.

அப்போது காற்று எழும்பியது. மழை வரும் போலக் கிழக்கே கறுத்தது. வரிசை முழுக்க ஆட்கள் எழுந்து லோடின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள். கைகள் தலைக்கு மேலே போயின, கயிறுகள் பறந்தன.

தாட்சாயணி நின்றாள். “முகத்தைப் பாக்காதீங்க. கையைப் பாருங்க.”

இருபது வண்டி தள்ளி, சிவப்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் ஒருவர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் மட்டும் தார்ப்பாயை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். வலது கை இடுப்பருகிலேயே இருந்தது.

அவள் போய்த் தார்ப்பாயின் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். அவர் கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

“மோகன்ராஜ்?”

அவர் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

“ஆஸ்பத்திரியா? தப்பு என்னுதுதான் மேடம். எழுதிக் குடுக்கறேன், எங்க வேணா கையெழுத்துப் போடறேன். அண்ணனை ஒண்ணும் கேக்காதீங்க. இப்பதான் வயித்தைக் கிழிச்சுத் தெச்சிருக்காங்க. பயத்துலயே செத்துடுவாரு.”

“யாரும் கேஸ் போட வரல. நான் டாக்டர் யதுகிரிகிட்ட இருந்து வரேன்.”

“யாரு, அந்தக் கட்டி திரும்பி வரும்னு சொன்னாங்களே, அவங்களா?” அவர் டிராக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். “நெசத்தைச் சொல்லுங்க மேடம். எங்க நைனா போனப்புறம் என்னை வளத்தவரு அவருதான். எத்தனை நாளு தாங்குவாரு?”

“உங்க அண்ணனுக்கு அந்தக் கெட்ட கட்டி இல்ல. எடுத்த சதையைப் பாத்துட்டாங்க. அந்தப் புரதம் அதுல சுத்தமா இல்ல. நேத்துதான் தெரிஞ்சுது.”

மோகன்ராஜ் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் கோணி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஒண்ணுமில்லடா, எங்கண்ணன் பொழைச்சுக்கினாரு,” என்று அவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். ஒருவன் விசில் அடித்தான்.

தாட்சாயணி காத்திருந்தாள். இதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தும் அவளுக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை.

ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. மோகன்ராஜின் கை கண்ணைத் துடைத்தபடியே நின்றது.

“அப்ப கம்ப்யூட்டர் எதைப் பாத்துக் கெட்டதுன்னு சொல்லிச்சு?”

தாட்சாயணியின் பார்வை அவர் விலாப் பக்கம் போனது.

“அந்தப் படத்தையா?”

“ஆமா.”

“அதுல கட்டி...”

“இருக்கு மோகன்ராஜ். கார்டுல இருந்த பேரைப் பாத்து எழுதினது இல்ல. உங்க வயித்துல இருக்கறதைப் பாத்து எழுதினது.”

முதல் மழைத்துளிகள் தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தன. மோகன்ராஜ் இடது கையைச் சட்டைக்குள் விட்டு விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார்.

“வலியே இல்லையே மேடம். நல்லாத் துன்னுக்கினு, மூட்டை தூக்கிக்கினு இருக்கேனே.”

“வலி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதுதான் நல்லது. எத்தனை பெருசுன்னு இன்னிக்கே பாக்கணும். டாக்டர் மிஷினைத் தயாரா வெச்சுக்கினு உக்காந்திருக்காங்க. வாங்க.”

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “முந்தாநேத்துலேர்ந்து நின்னுக்கினு இருக்கு இந்த வண்டி. ஃபோன் வரவும் ஆளை மாத்திட்டு நான் ஏறிக்கினேன். இப்ப விட்டுட்டு வந்தா லோடு பூரா அழுகிடும். நாளைக்கு வரட்டா?”

தாட்சாயணி வாயைத் திறப்பதற்குள் கோவர்த்தனன் காரின் சாவியை அவள் கையில் வைத்தார். டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“டோக்கனைக் குடுங்க தம்பி. காத்துக்கினு உக்கார்றதுல எனக்கு இருபது வருஷ சர்வீஸ். இங்கே ஃபேனும் இல்ல, ரிசப்ஷனிஸ்ட் மொறைக்கறதும் இல்ல. இதை முன்னாடி எப்படித் தள்றது, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

மோகன்ராஜ் அவரைப் பார்த்தார். கியரைக் காட்டிக் கொடுத்தார். பிறகு தாட்சாயணியோடு காரை நோக்கி நடந்தார்.

*

மாலை நாலரை மணிக்குத் திருப்பதியில் மோகன்ராஜ் ஸ்கேன் மேஜையில் படுத்தார். யதுகிரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். கட்டி இரண்டே முக்கால் சென்டிமீட்டர் ஆகியிருந்தது. ஒன்றுதான். ரத்தக் குழாய்க்குள் போகவில்லை. வெட்டி எடுக்கலாம்.

அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கும் கல்லீரலைத் தாக்கும் ‘பி’ கிருமி இருப்பது தெரிந்தது. அண்ணனிடமும் அதுதான் இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து இருவருக்கும் வந்திருக்க வேண்டும் என்றார் யதுகிரி. ஒரு கூரைக்குள் இரண்டு கட்டி வந்தது அதனால்தான்.

நாகேந்திரனிடம் லட்சுமம்மாதான் சொன்னாள். அவர் யார் தடுத்தும் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தம்பி இருந்த அறைவரை நடந்து வந்தார். வாசலில் நின்று, “என் எமனை உன் மேல தள்ளிவிட்டுட்டேனேடா,” என்று கதறினார்.

“நீ தள்ளலண்ணா. அது ஏற்கெனவே எனக்குள்ள உக்காந்துக்கினு இருந்துச்சு. நீ பயந்த பயத்துலதான் இப்ப வெளிய தெரிஞ்சுது,” என்றார் மோகன்ராஜ். “மொதல்ல உக்காரு. தையல் பிரிஞ்சா அண்ணி என்னைத்தான் அடிக்கும்.”

ஒன்பது நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. கிஷோரின் கடிதத்தை முதலாளி திரும்ப வாங்கிக்கொண்டார். நாகேந்திரனுக்கு அந்த ஊசி ஆகாது என்று அவர் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டது. யதுகிரியின் பட்டியல் அறுபதாகவே இருந்தது. ஒரு வரியில் பெயர் மட்டும் மாறியது.

சதை ரிப்போர்ட் வந்த அன்று யதுகிரி அதைப் பிரிக்காமல் தாட்சாயணியை வரவழைத்தார். “மூணு வருஷமா இது சரியா சொல்லணும்னு வேண்டிண்டிருக்கேன். இன்னிக்குத் தப்பா இருக்கணும்னு தோணறது. பைத்தியமா நான்?”

“பிரிங்க டாக்டர்.”

பிரித்தார். சி.கே.19 இருந்தது. நிறையவே இருந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. யதுகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் இருவரும் மாடிக்குப் போனார்கள்.

மோகன்ராஜ் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். யதுகிரி மறைக்காமல் சொன்னார். பொல்லாத கட்டிதான். முழுசாக எடுத்தாகிவிட்டது. ஆனால் மற்றவர்களைப் போல ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்தால் போதாது. இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் ஸ்கேன், தவறாமல். திரும்பி வந்தால் கடுகாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

மோகன்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப உங்க கம்ப்யூட்டர் சொன்னது சரிதானா?”

“சரிதான்,” என்றார் யதுகிரி. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கு ஏன் நீங்க அழறீங்க டாக்டரம்மா?” என்றார் மோகன்ராஜ். “அது என்னைச் சரியாத்தான் பாத்திருக்கு. நான்தான் வேற பேருல படுத்துக்கினு இருந்தேன்.”